ஒன்பதாவது கேள்விக்கு யாரு வருவாங்க?

இல்ல தம்பி, பேனாவை இப்ப எடுக்காதீங்க. எடுத்தீங்கன்னா என் வாய் தன்னால மூடிக்கும். முப்பத்தோரு வருஷமா எங்க ஊரு மூஸ் ஜாவுல முடி வெட்டுறேன். என் நாற்காலியில உக்காந்த பொம்பளைங்க கட்டின புருஷன்கிட்ட சொல்லாததையெல்லாம் என்கிட்ட கொட்டிட்டுப் போயிருக்காங்க. ஏன்னா என் கையில கத்திரிக்கோல்தான் இருக்கும், பேனா இருக்காது.

அந்தச் சின்னப் பொட்டி என்ன, சிவப்பு விளக்கு எரியுதே? ஓ, பேசறதைப் பதிவு பண்ணுதா. யாரு கேப்பாங்க அதை? இன்னொரு டாக்டரா? நீங்க கேள்வியைச் சரியாக் கேக்கறீங்களான்னு பாக்கறதுக்கா! நல்லாருக்கு போங்க. உங்களையே நம்பாம உங்க தலைக்கு மேல ஒருத்தரை உக்கார வச்சிருக்காங்க, நான் மட்டும் உங்களை நம்பணுமாக்கும். அணைச்சுடுங்க. நான் வேணாம்னு சொன்னா அணைக்கணும்னு உங்க சம்மதப் பத்திரத்துல நாலாம் பக்கத்துல போட்டிருக்கு. ஆமா, பதினாலு பக்கத்தையும் படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்து வாங்க வந்த பொண்ணு கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே நின்னுச்சு. இதுவரைக்கும் யாருமே முழுசாப் படிச்சதில்லைன்னு சொல்லிச்சு. நாங்க ரயில்வே குடும்பம் தம்பி. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி படிப்போம்.

இந்தக் காகிதக் கைக்குட்டை டப்பா போன தடவ அந்த அலமாரி மேல இருந்துச்சு. இன்னிக்கு என் கைக்குப் பக்கத்துல கொண்டாந்து வச்சிருக்கீங்க. யாரு அழப் போறான்னு எதிர்பாக்கறீங்க? ...எப்பவும் அங்கதான் இருக்குமா. சரி, உங்க டப்பா, உங்க ரூம்பு.

ஆமா, என் முறை மார்ச் பதினாலுக்குத்தான். நான்தான் போன் பண்ணி இன்னிக்கே வேணும்னு அடம் புடிச்சேன். என்ன அவசரம்னு கேட்டாங்க. ரோடு இன்னிக்கு நல்லாருக்கு, நாளைக்குப் பனி கொட்டும்னு சொன்னேன். அது ஒண்ணும் பொய்யில்ல, ரேடியோவுலயே சொன்னான். நான்தான் ஓட்டிட்டு வந்தேன், ஒரு மணி நேரம். எங்க வீட்டுக்காரரும் என் தங்கச்சி புருஷன் எமிலும் கூட வந்திருக்காங்க. கீழ வண்டியிலயே இருக்காங்க. ஹீட்டரைப் போட்டுக்கிட்டு கோதுமை விலை கேட்டுக்கிட்டிருப்பாங்க. வேணாம் வேணாம், மேல எல்லாம் கூப்பிடாதீங்க. இருக்கட்டும்.

நீங்க முழு டாக்டரா, இல்ல டாக்டருக்குப் படிக்கிற புள்ளையா? ...முடிச்சு ரெண்டு வருஷமா. உங்களுக்கு உருப்படியா முடி வெட்ட ஆளில்லை போலருக்கே, பின்னங்கழுத்துல கோடு கோணலாப் போவுது. கோவிச்சுக்காதீங்க, கண்ணு அங்கதான் போகும் எனக்கு. கேக்கறதுக்குக் காரணம் இருக்கு. முதல் தடவ ஒரு அம்மா வந்து கேள்வி கேட்டாங்க. நடுவுல இன்னொருத்தரு. இப்ப நீங்க. ஒவ்வொரு தடவையும் புது மூஞ்சி. பழகிட்டா நான் உண்மையைச் சொல்லிடுவேன்னு உங்களுக்குப் பயமான்னு தோணும் எனக்கு.

தெரியும், தெரியும், எந்தக் குரூப்புன்னு உங்ககிட்ட வாயைத் திறக்கக்கூடாது. வாசல்லயே அந்தப் பொண்ணு ரெண்டு தடவ சொல்லி அனுப்பிச்சு. உங்க ஆராய்ச்சியில நூத்தி நாப்பது பேரு. மனசு சோர்ந்து, படபடப்பும் புடிச்சு ஆட்டுற ஆளுங்க. பாதிப் பேருக்குப் பேச்சு வைத்தியம், மீதிப் பேரு சும்மா காத்துக்கிட்டிருக்கணும். கம்ப்யூட்டரு சீட்டுக் குலுக்கிப் போடும். யாருக்கு எது விழுந்துச்சுன்னு மார்க் போடற உங்களுக்கு மட்டும் தெரியக்கூடாது. தெரிஞ்சா உங்களுக்கே தெரியாம மார்க்கைக் கூட்டிக் குறைச்சுடுவீங்களாம். அதைக் கேட்டப்பத்தான் எனக்கு உங்க கூட்டத்து மேல கொஞ்சம் மரியாதை வந்துச்சு. தன்னையே சந்தேகப்படற ஆளுங்க.

ஆனா அந்த ஒன்பது கேள்வி இருக்கே, அப்பப்பா. இருபத்தி மூணு தடவ பதில் போட்டாச்சு. போன ரெண்டு வாரத்துல எதுலயும் நாட்டமில்லாம இருந்துச்சா, தூக்கம் வந்துச்சா, சாப்பாடு இறங்குச்சா. இல்லவே இல்லைன்னா சைபர், சில நாளுன்னா ஒண்ணு, பாதி நாளுக்கு மேலன்னா ரெண்டு, ஏறக்குறைய தினமும்னா மூணு. முதல் தடவ மொத்தம் பத்தொன்பது. அப்புறம் பதினாறு, பன்னெண்டு, கடைசியில ஏழு. கோடு போட்டு எனக்குக் காட்டினாங்க. எங்க பக்கம் மலையே கிடையாது தம்பி, நான் கண்ணால பாத்த பெரிய சரிவே அதுதான். அந்தப் பொண்ணு எழுந்து வந்து என் கையைப் புடிச்சுக்கிச்சு. எந்தப் பொண்ணா? ...ஐயோ, சரி, நான் ஒண்ணும் சொல்லல. காதை மூடிக்கோங்க.

மத்த எட்டுக் கேள்வியும் எப்படியோ போவட்டும். நான் கேக்க வந்தது ஒன்பதாவதைப் பத்தி. செத்துப் போனாத் தேவலைன்னு தோணுச்சான்னு ஒரு கேள்வி கேக்கறீங்களே, அது. அதுல ஒருத்தி சைபர் போடலைன்னு வச்சுக்குவோம். என்ன பண்ணுவீங்க? ஏழாம் பக்கத்துல எழுதியிருக்கு, இங்க சொல்றது எதுவும் வெளிய போகாது, ஆனா அவங்களுக்கோ அடுத்தவங்களுக்கோ ஆபத்துன்னா மட்டும் சொல்லியாகணும்னு. அந்த ரெண்டு வரிக்கு அடியில நான் கோடு போட்டு வச்சிருக்கேன். சொல்லியாகணும்னா யாருகிட்ட? யாரு வருவாங்க?

இருங்க, இப்பவே பதில் சொல்லாதீங்க. நான் ஏன் கேக்கறேன்னு சொல்லிடறேன். அப்புறம் யோசிச்சு சொல்லுங்க. மனப்பாடம் பண்ணின பதில் எனக்கு வேணாம்.

எங்க வீட்டுக்காரரு லோர்ன். சரக்கு ரயில் ஓட்டறவரு, இருபத்தாறு வருஷம். கூட ஹார்வின்னு ஒருத்தரு, எஞ்சின்ல இருக்கற இன்னொரு ஆளு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அக்டோபர்ல, ஊருக்கு வெளிய ஒரு கேட்டு. கேட்டுன்னு பேரு, கம்பி எதுவும் கிடையாது, ஒரு பலகை மட்டும் நிக்கும். மத்தியானம், நல்ல வெயிலு. ஒரு பண்ணை லாரி தண்டவாளத்துக்கு மேல வந்து நின்னுச்சு. நின்னுடுச்சு, அவ்வளவுதான். ஏன் நின்னுச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. இவரு ஹாரனை அடிச்சுக்கிட்டே பிரேக்கைப் புடிக்கிறாரு. நூறு பெட்டி தம்பி, ஒரு மைலு ஓடித்தான் நிக்கும். உள்ள இருந்த ஆளு தலையைத் தூக்கி இவரைப் பாத்தாராம். சட்டை என்ன கலருன்னு கூட இவருக்குத் தெரியும்.

மூணு நாள் லீவு குடுத்தாங்க. கம்பெனியில ஒரு போன் நம்பர் குடுத்தாங்க, எப்ப வேணா பேசலாம், யாருக்கும் தெரியாதுன்னு. ஹார்வி நல்ல மனுஷன், வெள்ளந்தி. அவரு நேரா ஊரு டாக்டர்கிட்ட போனாரு. அந்த லாரியில நான் இருந்திருந்தாத் தேவலைன்னு ஒரு வார்த்தை சொன்னாரு. ஒரே வார்த்தை. அன்னிக்குச் சாயந்திரம் சூப்புக்கு உக்காந்திருக்கறப்ப வாசல்ல போலீஸ் வண்டி. ரெண்டு பேரு. வழக்கமே இதுதான்னு சொல்லி கையில விலங்கு மாட்டிக் கூட்டிட்டுப் போனாங்க. தெருவே பாத்துச்சு. மூணு நாள் ஆஸ்பத்திரி. திரும்பி வந்தா கம்பெனி டாக்டரு, உன்னை இனிமே ரயில்ல ஏத்த முடியாதுன்னுட்டாரு. இப்ப ஒரு கிடங்குல பொட்டிக்குச் சீட்டு ஒட்டறாரு. எங்க வீட்டுல வந்து உக்காந்து சொன்னாரு, லோர்ன், நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணும்னு. எங்க வீட்டுக்காரரு தலையை ஆட்டினாரு. அன்னிக்கு மூடின வாய்தான்.

என்ன கேட்டீங்க? ...ஹார்வி இப்ப எப்படி இருக்காரா?

இருக்காரு. பனிக்கட்டி மேல கல்லைத் தள்ளி ஆடற கர்லிங், அதுக்கு வர்றாரு வியாழக்கிழமையில. தோத்தா கத்துவாரு. பேரப் புள்ள பொறந்திருக்கு, போட்டோவைக் காட்டாத ஆளு பாக்கியில்ல. உயிரோடதான் இருக்காரு.

...நீங்க கெட்டிக்காரத் தம்பிதான். ரெண்டு வருஷமா ஹார்விக்கு என்னென்ன போச்சுன்னுதான் நான் பேசிக்கிட்டிருக்கேன். உயிரோட இருக்காரேன்னு இந்தப் பக்கத்துலேருந்து பாத்ததே இல்ல.

இப்ப சொல்லுங்க. ஒன்பதாவதுல ஒரு நம்பர் விழுந்தா யாரு வருவாங்க? ...முதல்ல நீங்களே உக்காந்து பேசுவீங்க. எப்பலேர்ந்து, எவ்வளவு தூரம் யோசிச்சிருக்காங்க, வீட்டுல யாரு இருக்காங்கன்னு. அப்புறம் உங்க பெரிய டாக்டரு. சரி. போலீசு? ...பெரும்பாலும் வராது. பெரும்பாலும். வரவே வராதுன்னு சொல்ல மாட்டீங்களா? ...ம்.

நல்லது. வரவே வராதுன்னு நீங்க சத்தியம் பண்ணியிருந்தீங்கன்னா, இப்பவே கோட்டை மாட்டிக்கிட்டு எழுந்து போயிருப்பேன். காலையிலேர்ந்து அதுக்குத்தான் தயாரா வந்தேன். வேலை? வேலை போயிடுமா? ...அது உங்க கையில இல்ல. கம்பெனி டாக்டர்கிட்ட என்ன சொல்லணும், என்ன வேணாம்னு கூட உக்காந்து எழுதித் தருவீங்க. ஆனா ரயில் ஓட்டறவங்கன்னா கொஞ்ச நாளைக்காவது இறங்கித்தான் ஆகணும்னு சொல்லுவீங்க. ஆமா, அதையும் நான் எதிர்பாத்தேன். அதுக்குத்தானே இத்தனை நாளா இந்தக் கூத்து.

இப்ப பேனாவை எடுத்துக்கோங்க, பரவாயில்ல. உங்க சட்டத்தை மீறப் போறேன். எனக்குப் பேச்சு வைத்தியம்தான் விழுந்துச்சு, மூணாவது மாடியில தெரேசாகிட்ட. பன்னெண்டு வாரம், செவ்வாய்க்கிழமை தோறும். கையை ஆட்டாதீங்க, சொல்லியாச்சு. இனிமே எனக்கு மார்க் போட உங்களால முடியாது, அவ்வளவுதானே? உங்க மார்க் எனக்கு வேணாம் இன்னிக்கு.

தங்கமான பொண்ணு அது. என்னை மாதிரி வீட்டுப் பாடம் செய்யற ஆளை இதுவரைக்கும் பாத்ததில்லைன்னு சொல்லும். நோட்டுப் போட்டு எழுதுவேன். அது சொல்றதை வார்த்தைக்கு வார்த்தை எழுதுவேன். ஒருத்தரு பேச மாட்டேங்கறப்ப எவ்வளவு நேரம் சும்மா இருக்கணும், அழுதா என்ன சொல்லணும், எல்லாத்தையும் கேப்பேன். ஒரு நாள் அது பேனாவைக் கீழ வச்சுட்டு, வெர்னா, இதெல்லாம் எதுக்கு உங்களுக்குன்னு கேட்டுச்சு. வேவு பாக்க வந்தவளோன்னு நினைச்சுச்சு போல. நான் சிரிச்சு மழுப்பிட்டேன்.

எனக்கு ஒன்பதாவதுக்கு என்ன நம்பரா? சைபர் தம்பி. எப்பவும் சைபர்தான். மத்த எட்டுக்கும் சைபர்தான். நான் படுத்தா கட்டை மாதிரித் தூங்குவேன். போன வாரம் கூட கர்லிங்ல ஜெயிச்சுட்டு மேசை மேல ஏறி ஆடினேன். முதல் தடவ அந்த அம்மா முன்னாடி உக்காந்தேனே, அதுக்காக நாலு நாள் தலைக்குக் குளிக்கல. என் தொழிலுக்கு அதுவே பெரிய தியாகம். வீட்டுல நான் தினம் பாத்துக்கிட்டிருந்ததை அப்படியே நடிச்சேன். மெதுவாப் பேசறது, கேட்ட கேள்வியை மறந்துடறது, ஜன்னலையே பாக்கறது. எதுவும் நானா கட்டி விடல. எல்லாம் அவரோடது.

ஆமா. கீழ உக்காந்திருக்காரே, அவரோடதுதான். எமிலை எதுக்குக் கூட்டிட்டு வந்தேன்னு நினைச்சீங்க? தனியா விடக்கூடாதுன்னுதான்.

அப்படிப் பாக்காதீங்க. அவரு பேரு இங்க பதிஞ்சா அது ஒரு நாள் கம்பெனிக்குப் போவும், அப்புறம் ஹார்வி கதிதான்னு முடிவு பண்ணிக்கிட்டோம். அதனால நானே வந்தேன். செவ்வாய்க்கிழமை நான் இங்க படிப்பேன், புதன்கிழமை எங்க சமையக்கட்டுல அவருக்கு நடக்கும். அதே தாளு, அதே கேள்வி. என்ன நடந்துச்சு, என்ன நினைச்ச, அதுக்கு என்ன ஆதாரம்னு. இன்னும் கொஞ்சம் முன்னாடி ஹாரன் அடிச்சிருக்கணும்னு எழுதுவாரு. அடிச்சது சரியான நேரத்துலன்னு வண்டிக்குள்ள இருக்கற மெஷின்லயே பதிவாகியிருக்கேன்னு நான் எதிர்ப்பக்கம் எழுத வைப்பேன். பயப்படற இடத்தைப் படிப்படியா நெருங்கணும்னு தெரேசா சொல்லிக் குடுத்துச்சு. கேட்டுன்னா எனக்கு நடுக்கம்னு அதுகிட்ட புளுகியிருந்தேன். அவரை வண்டியில உக்கார வச்சு முதல்ல அரை மைலு தள்ளி, அப்புறம் கால் மைலு, அப்புறம் அந்தப் பலகைக்குப் பக்கத்துலயே. ரெண்டு பேரும் தெர்மாஸ்ல காபி கொண்டு போவோம். மார்க் குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. நான் கத்துக்கிட்டேன், நானே என் புருஷனைக் குணப்படுத்திட்டேன்னு அப்படி ஒரு பெருமை எனக்கு. ஃபாரத்தை அவருக்கு நேரா வைப்பேன், அவரு டிக் போடுவாரு, நான் பாத்து எழுதி உங்களுக்கு அனுப்புவேன். ஏழு வந்த அன்னிக்கு கேக்கு செஞ்சேன்.

ஓட்டிக்கிட்டுத்தான் இருந்தாரு, ஆமா. ரெண்டு வருஷமும். தப்புத்தான். இப்ப இல்ல, வெள்ளிக்கிழமையிலேர்ந்து முதுகு வலின்னு சொல்லி லீவு போட வச்சிருக்கேன்.

வெள்ளிக்கிழமைதான் ஆறாவது மாசம் நிரப்பற உங்க ஃபாரம் தபால்ல வந்துச்சு. மத்தியானம் சாப்பாடு ஆனதும் வழக்கம் போல அவரு முன்னாடி வச்சேன், பாத்திரம் கழுவப் போனேன். பேனா சத்தமே கேக்கல. திரும்பிப் பாத்தா ஒன்பதாவதுல கை நிக்குது. அப்புறம் மூணுல டிக் போட்டாரு. ஏறக்குறைய தினமும். நான் அந்த ஈரக் கையோட அங்கயே நின்னேன். லோர்ன், போன தடவ வரைக்கும் சைபருன்னு போட்டீங்களேன்னு கேட்டேன்.

என்ன சொன்னாரு தெரியுமா? எப்பவுமே மூணுதான் வெர்னா, உனக்காகக் குறைச்சுப் போட்டேன், நீ அவ்வளவு பாடுபடறியேன்னு போட்டேன், ஒவ்வொரு தடவ குறையறப்பவும் உன் மூஞ்சி அப்படி மலரும், அதைப் பாக்கவே போட்டேன்னாரு. கேக்கு செஞ்ச அன்னிக்கு ரெண்டு துண்டு சாப்பிட்டாரே தம்பி, அதுவும் எனக்காகத்தான்.

உங்களைச் சந்தேகப்பட்டேன். அந்தப் பொட்டியைச் சந்தேகப்பட்டேன், பதினாலு பக்கத்தையும் வரி வரியாச் சந்தேகப்பட்டேன். என் சமையக்கட்டுல, என் கண்ணெதிர்ல டிக் போட்ட மனுஷனைச் சந்தேகப்படத் தோணல.

டப்பாவை இப்படித் தள்ளுங்க. ...போதும்.

உங்க நூத்தி நாப்பதுல என்னைக் கழிச்சுடுங்க. தெரேசாகிட்ட நானே போய் மன்னிப்புக் கேக்கறேன், அது உழைப்பு எல்லாம் என்னால பாழாப் போச்சு. அது அப்புறம். இன்னிக்குக் காலையில அவருகிட்ட சொல்லிட்டேன், உண்மையைச் சொல்லப் போறேன்னு. வேணாம்னு சொல்லுவாருன்னு நினைச்சேன். பூட்ஸை மாட்டிக்கிட்டு வந்து வண்டியில உக்காந்துட்டாரு. மேல வரச் சொன்னா வர மாட்டாரு. யாராவது கிட்ட வந்து கேட்டா பேசுவாருன்னு எனக்குத் தோணுது.

உங்க பெரிய டாக்டருக்குப் போன் பண்ணணுமா? பண்ணுங்க. ...பண்ணிட்டு நீங்க போறீங்களா? அவரு பின்னாடி வர்றாராமா? சரி. நீல பிக்கப் வண்டி, மூணாவது வரிசை. எமிலை எறங்கச் சொல்லிட்டு நீங்க உள்ள ஏறிக்கோங்க. கோட்டு போட்டுக்கோங்க, வெளிய குளிரு மைனஸ் இருபத்தெட்டு. அந்த எழுதற அட்டையும் ஃபாரமும் வேணாம். வாயால கேளுங்க, ஒன்பதாவதையே முதல்ல கேளுங்க.

நானா? இல்ல தம்பி, நான் வரல, இங்கயே உக்காந்திருக்கேன். என் மூஞ்சியைப் பாத்தாருன்னா மறுபடியும் சைபருன்னு சொல்லிடுவாரு. நீங்க மட்டும் போங்க.